பதிப்பு 0.7.2

ஈஜிபுராவில் மழை பிடித்துக்கொண்ட ராத்திரி.
சன்னலுக்கு வெளியே
பாதியில் விட்ட மேம்பாலத்தின் தூண்கள்
தலையில் கம்பி முளைத்து நனைகின்றன.
எனக்கு வேண்டியது நான்கு நிமிடம்.

இரண்டு வருடம் கையால்தான் செய்தேன்.
பழைய ஃபோல்டரை அழி,
எண்ணை மாற்று, கட்டு, ஏற்று,
கடவுச்சொல் எங்கே என்று தேடு,
எண்ணை மாற்ற மறந்ததற்காகத்
திரும்பவும் முதலிலிருந்து.
அலுத்துப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை
நாற்பத்தோரு வரி எழுதிவைத்தேன்.
இனி ஒரு டேக் போதும்.

டேக் இட்டதும் எங்கோ
ஒரு கணினி புதிதாய்ப் பிறக்கிறது.
அதற்கு என்னைத் தெரியாது,
என் லேப்டாப்பில் மட்டும் செல்லுபடியாகும்
சால்ஜாப்புகள் தெரியாது.
மூன்று இயங்குதளம், நான்கு பைத்தான்,
பன்னிரண்டு வாசலிலும் நின்று
மழைமானிக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது.
பன்னிரண்டு பச்சை டிக்.
பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டுச்
செத்துப்போகிறது.
எலும்புகூட மிச்சமில்லை.

நான் பல் துலக்கிவிட்டுப் படுத்தேன்.

எந்த ஆட்டோவும் வர மறுத்த காலையில்
ஒரு கேள்வி வந்திருந்தது.
தாலினிலிருந்து உர்மாஸ் என்று ஒருவர்:
தூறல் நன்றாக ஓடுகிறது, நன்றி.
கூடவே ஒரு கோப்பு வந்திருக்கிறது.
எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.
அது இல்லாமலும் இது ஓடுமா?

திறந்து பார்த்தேன். என் கோப்புதான்.
கேஸ் புக் பண்ணு.
தண்ணீர் லாரிக்கு அறுநூறு.
முருங்கைக்காய், ரெண்டு போதும்.
பெனிட்டா பெயரைத் திரும்பச் சேர்.
இந்த வாரமாவது.

தூறலில் பாதி அவள் எழுதியது.
அல்சூரில் தன் வீட்டு மொட்டைமாடியில்
பெயிண்ட் டப்பாவும் ஸ்கேலும் வைத்து
ஒரு பருவம் முழுக்க அளந்தாள்.
டப்பா ததும்பினால் கணக்கு என்னாகும் என்று
அவள் கேட்டபிறகுதான்
அப்படி ஒன்று நடக்கும் என்பதே எனக்கு உறைத்தது.
அவள் வேலை மாறிப் புனே போனாள்.
எல்லாவற்றையும் தானாக ஓடவைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை
எங்கிருந்தோ ஒரு மாதிரியை நகலெடுத்தேன்.
அதில் ஆசிரியருக்கு ஒரே இடம்.
அப்படித்தான் விட்டுப்போயிற்று என்று
ஒன்பது மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஒரு காற்புள்ளி போட்டால்
இன்னொரு பெயர் உட்காரும்.
தெரியும்.
என் பெயர் தனியாக நிற்பது
பார்க்க நன்றாக இருந்தது.

அவசரமாய் 0.7.2ஐ அழிக்கப் போனேன்.
அழிக்கலாம்.
ஆனால் அந்த எண் இனி யாருக்கும் கிடையாது,
எனக்கும்கூட.
அதற்குள் நூற்றுப் பதினாறு பேர் எடுத்துவிட்டார்கள்.
பாதிப் பேர் மனிதரே இல்லை,
நள்ளிரவில் எல்லாவற்றையும் நகலெடுத்துச் சேர்க்கும் எந்திரங்கள்.
ஏதோ ஊர்க் குளிரில்
அவற்றின் அலமாரியில் இருக்கிறது
என் முருங்கைக்காய்.

எதையெதையோ சோதிக்கச் சொல்லியிருந்தேன்:
மழையே இல்லாத மாதம்,
பூஜ்யத்துக்குக் கீழே பெய்த மழை,
பிப்ரவரி இருபத்தொன்பது.
இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சிவப்பில் நின்றிருக்கும்.
அது பொய் சொல்லாது,
கேட்காததைச் சொல்லவும் செய்யாது.

உர்மாஸுக்கு 'ஓடும்' என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.
பெனிட்டாவுக்கு ஃபோன் போட்டேன்.
அடித்து அடித்து நின்றது.

மழை விட்டிருந்தது.
தூணடியில் ஒருவன்
சேற்றிலிருந்து ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டிருந்தான்,
ஒரு செருப்பு கையில்.
காற்புள்ளி போட்டேன்.
அவள் பெயரை எழுத்தெழுத்தாய் இரண்டு முறை சரிபார்த்தேன்.
மாற்றங்கள் என்ற இடத்தில்
'சிறு திருத்தம்' என்று எழுதி,
பார்த்துக்கொண்டேயிருந்து,
அழித்தேன்.
பாதி அவளுடையது, மறைத்தது நான்
என்று எழுதினேன்.
0.7.3.

எங்கோ ஒரு கணினி பிறந்தது.
அதற்கு யாரையும் தெரியாது.
நான்கு நிமிடம், பன்னிரண்டு பச்சை.
மேசைமேல் ஃபோன்,
மல்லாந்து.